ரோஸ்டரில் இல்லாத கூட்டம்: ஒரு தோட்டப்புற மருத்துவமனையின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் கெடா மாநிலத் தென்பகுதியில், ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறுபட்டணம். அங்கே ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. ஊரின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் இங்கே வேண்டாம். வெவ்வேறு இடங்களில் பார்த்ததையும் கேட்டதையும் ஒரே கூரைக்கடியில் சேர்த்து எழுதியிருக்கிறேன். எந்த ஒரு மேட்ரனையும் (தாதியர் தலைவி) சிஸ்டரையும் (வார்டுப் பொறுப்புத் தாதி) குறிவைத்து எழுதியதல்ல. சட்டமும் கணக்கும் மட்டும் உள்ளபடியே.

சம்பவம்

தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கடுமையான வயிற்றுப்போக்கோடு வார்டில் படுத்திருந்தார். இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. டிரிப் பையில் பொட்டாசியம் குளோரைடு கலந்து மெதுவாக ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். அதிகாலை மூன்றரை மணிக்கு நைட்டில் இருந்த தாதி மருந்து அலமாரியைத் திறந்தார். எப்போதும் எடுக்கும் தட்டில், எப்போதும் இருக்கும் இடத்திலிருந்து பிளாஸ்டிக் குப்பிகளை எடுத்து டிரேயில் வைத்தார். கூடச் சரிபார்க்க வந்த மலாய்த் தாதி குப்பியின் மேலிருந்த எழுத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். அது சோடியம் குளோரைடு.

குப்பி திரும்ப அலமாரிக்குப் போனது. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேர் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும் என்ற விதி அன்று தன் வேலையைச் செய்தது. ஆனாலும் அந்த இடத்தில் சோடியம் எப்படி வந்தது?

அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேரே இரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதனால் அதை வார்டு அலமாரியில் மற்றக் குப்பிகளோடு வைக்கக்கூடாது என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட நடைமுறை. உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட நோயாளர் பாதுகாப்புத் தீர்வுகளில் இதுவும் ஒன்று. இந்த மருத்துவமனையும் அதைத்தான் செய்திருந்தது: பொட்டாசியத்தைப் பூட்டிய பெட்டிக்கு மாற்றிவிட்டு, காலியான தட்டில் சோடியத்தை அடுக்கியது. மாற்றம் சரி. சொன்ன விதம்தான் இந்த ஆய்வின் பொருள்.

சம்பவ அறிக்கையில் மேட்ரன் எழுதிய முதல் வரி இது: மாதாந்திரக் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது, சம்பந்தப்பட்ட தாதி வருகைத் தாளில் கையெழுத்திட்டுள்ளார். தாளைப் பார்த்தால் கையெழுத்து இருக்கத்தான் செய்கிறது. நேராகத் தொடங்கிக் கடைசி எழுத்தில் கீழே சரிந்து, கோடாகி நிற்கிற கையெழுத்து.

அந்த வியாழக்கிழமை

கூட்டம் மாதத்தின் கடைசி வியாழன், பிற்பகல் 2.30 மணி. ஏன் வியாழன் என்றால், தலைமை அலுவலகம் பினாங்கில். பினாங்குக்கு வார விடுமுறை சனி, ஞாயிறு. கெடாவுக்கு வெள்ளி, சனி. மூடா ஆற்றின் இரு கரைக்கும் பொதுவான வேலை நாட்கள் திங்கள் முதல் வியாழன் வரைதான். ஏன் 2.30 என்றால், பினாங்கிலிருந்து வருகிற நிர்வாகி மதிய உணவை முடித்துக்கொண்டு உட்கார வசதியான நேரம் அது. தாதியரைக் கேட்டு வைத்த நேரமில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதாகவும் தெரியவில்லை.

இங்கே வேலை மூன்று வேளை. ஏ.எம். காலை 7 முதல் பிற்பகல் 2 வரை, பி.எம். 2 முதல் இரவு 9 வரை. நைட் 9 முதல் மறுநாள் காலை 7 வரை. மூன்று நைட் முடித்தால் ஒரு எஸ்.டி., அதாவது தூங்குவதற்கான நாள், பிறகு ஒரு ஆஃப். இந்த அட்டவணைமேல் 2.30 மணியை வைத்துப் பாருங்கள். ஏ.எம். முடித்தவர் பசியோடு உட்கார்ந்திருப்பார். பி.எம்.மில் இருப்பவர் வார்டை விட்டு நகரவே முடியாது. கூட்டம் நடக்கிற கட்டடத்திலேயே இருந்துகொண்டு கூட்டத்தைத் தவறவிடுகிறவர் அவர்தான். அன்றிரவு நைட்டுக்கு வரவேண்டியவருக்கு அது தூங்கி எழ வேண்டிய நேரம். நைட் முடித்துப் போனவருக்குத் தூக்கத்தின் நடுப்பகுதி. ஆஃபில் இருப்பவருக்கு அது அவருடைய நாள். அலுவலக அறையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு மட்டுமே 2.30 என்பது சாதாரணமான பிற்பகல்.

நம் கதையின் தாதி அந்த வியாழன் காலை 7 மணிக்குத் தன் மூன்றாவது நைட்டை முடித்தார். பாஸ் ஓவர், அதாவது அடுத்த வேளைக்காரரிடம் நோயாளிகளை ஒப்படைப்பது, சொல்லி முடிக்க ஏழரை. பட்டணத்திலிருந்து செம்பனைச் சாலையில் மோட்டாரில் வீடு. குளித்து, பசியாறி, பிள்ளையைப் பாலர்பள்ளிக்கு அனுப்பிப் படுக்கும்போது ஒன்பதரை. ஒன்றரைக்கு அலாரம். நாலு மணி நேரத் தூக்கம், அதுவும் பகல் தூக்கம், தகரக் கூரைக்கு அடியில். பகலில் தூங்குகிறவருக்கு உடம்பின் கடிகாரமே எதிரி. இரவுத் தூக்கத்தைவிடப் பகல் தூக்கம் குறைவாகவும் துண்டு துண்டாகவும்தான் வரும். அவர் மறுபடி மோட்டாரை எடுத்து, குளுகுளு அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பொட்டாசியம் பற்றிய அறிவிப்பு, கார் நிறுத்துமிடம், புதிய சீருடை, விடுப்புப் படிவம் எல்லாம் தாண்டி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து வந்தது.

“கேட்டுச்சு அக்கா, பொட்டாசியம்னு ஏதோ சொன்னாங்கன்னு தெரியும். எங்க மாத்தினாங்கன்னு மட்டும் மண்டையில நிக்கல லா,” என்றார் பிறகு. மூத்த தாதி ஒருவர் இந்தக் கூட்டத்துக்குப் ‘பெரட்டு’ என்றே பெயர் வைத்திருந்தார். தோட்டத்தில் விடியுமுன் பேர் கூப்பிடும்போது ஆள் இருந்தால் போதும், காது இருக்க வேண்டும் என்று எந்தக் கிராணியும் (தோட்டக் கணக்கர்) எதிர்பார்த்ததில்லை.

அக்கறையில்லாதவர்களா?

நிர்வாகத்தின் முதல் விளக்கம் எல்லா இடத்திலும் கேட்கிறதுதான்: ‘இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை.’ மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் காரணம் கோரும் கடிதம், வருடாந்திர மதிப்பீட்டில் மதிப்பெண் குறைப்பு என்று விதியும் போட்டார்கள்.

ஆனால் இதே தாதியர், புண் பராமரிப்பு பற்றி ஒரு வகுப்பு வைத்தபோது ஆஃப் நாளில்கூட வந்திருந்தார்கள். காரணம் எளிது. தாதியர் வாரியத்தின் ஆண்டுத் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர் கல்விப் புள்ளிகள் வேண்டும். வகுப்புக்குப் புள்ளி உண்டு, சீருடை அறிவிப்புக்கு இல்லை. வகுப்பு மூன்று தேதிகளில் நடந்தது. தேதிகள் முன்கூட்டியே தெரிந்திருந்தன. ஆக, வருவதற்குக் காரணமும் வழியும் இருந்தால் வருகிறார்கள். இதைப் பொறுப்பின்மை என்று எழுதுவது, ஆராயாமல் கோப்பை மூடுகிற வேலை.

மணிக்கணக்கு

தீபகற்ப மலேசியாவில் தனியார் மருத்துவமனைத் தாதியருக்கு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பொருந்தும். 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48-லிருந்து 45 மணியாகக் குறைந்தது. வேளை மாற்றி வேலை செய்பவர்களுக்கு 60சி பிரிவு கொஞ்சம் நெளிவு கொடுக்கிறது: ஒரு வாரம் 45-ஐத் தாண்டலாம், ஆனால் மூன்று வாரச் சராசரி தாண்டக்கூடாது. அதாவது மூன்று வாரத்துக்கு 135 மணி.

இந்தத் தாதியின் மூன்று வார ரோஸ்டரை, அதாவது வேலை அட்டவணையை, எடுத்துக் கூட்டினேன். நைட் இருந்த வாரத்தில் ஆள் பற்றாக்குறையால் ஆஃபை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருந்தார்கள். அதனால் அந்த வாரம் மூன்று நைட்டும் மூன்று பி.எம்.மும்: 51 மணி. அடுத்த வாரம் இரண்டு ஆஃப், ஐந்து வேளை: 35. மூன்றாவது வாரம் ஆறு வேளை: 42. மொத்தம் 128. சட்டத்துக்கு உள்ளே, ஏழு மணி நேரம் மிச்சம். ரோஸ்டர் போட்ட சிஸ்டர் கணக்கில் கெட்டி.

ஆனால் பாஸ் ஓவர் ரோஸ்டரில் இல்லை. ஏழு மணிக்கு வேலை முடிகிறது என்றால் ஏழு மணிக்கு யாரும் கிளம்புவதில்லை. வருகிறவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போக முடியும். வேளைக்கு 20 நிமிடம் என்று குறைத்தே வைத்தாலும், 17 வேளைக்கு 340 நிமிடம், ஐந்து மணி நாற்பது நிமிடம். ஏழு மணி நேர மிச்சத்தில் இது போக இருப்பது ஒரு மணி இருபது நிமிடம். கூட்டம் ஒன்றரை மணி நேரம். வீட்டிலிருந்து வந்து போகிற நேரத்தைக் கூட்டத்தில் சேர்க்கவேயில்லை.

இதைவிடச் சுவையான கணக்கு ஓய்வு நாளில் இருக்கிறது. 59-ஆவது பிரிவின்படி, வேளை மாற்றி வேலை செய்பவருக்குத் தொடர்ச்சியாக 30 மணி நேரம் கிடைத்தால் அதுவே வார ஓய்வு நாள். வியாழன் காலை 7 மணிக்கு நைட் முடிந்தது. வெள்ளி பிற்பகல் 2 மணிக்கு அடுத்த பி.எம். இடையே 31 மணி. ஒரு மணி நேரம் உபரி வைத்துத்தான் சிஸ்டர் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். அந்த வாரத்தின் ஒரே ஓய்வு நாள் அது. 2.30-க்குக் கூட்டம் வந்தவுடன் 31 மணி நேரம் இரண்டாகப் பிளந்தது: முன்னால் ஏழரை, பின்னால் இருபத்திரண்டு. இரண்டு துண்டுமே 30-ஐத் தொடவில்லை. ஒன்றரை மணி நேரக் கூட்டம் ஒரு முழு ஓய்வு நாளை விழுங்கிவிட்டது. மேட்ரனுக்கோ பினாங்கு நிர்வாகிக்கோ இது தெரியாது. அவர்கள் கையில் கூட்ட நாட்காட்டி இருந்தது, ரோஸ்டர் இல்லை. ரோஸ்டர் போட்ட சிஸ்டர் கையில் ரோஸ்டர் இருந்தது, அதில் கூட்டத்துக்குக் கட்டம் இல்லை.

தாதியர் பக்கத்தில் சிலர் நினைப்பது போல, ஓய்வு நாளில் கூப்பிடவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. இடைவிடாமல் நடக்க வேண்டிய, இரண்டு மூன்று வேளையாகச் செய்கிற வேலையில் இருப்பவரை ஓய்வு நாளிலும் வேலைக்கு வரச்சொல்லலாம் என்று 60-ஆவது பிரிவு விலக்குக் கொடுக்கிறது. சீருடை அறிவிப்பு அப்படி இடைவிடாமல் நடக்க வேண்டிய வேலையா என்று வாதாடலாம். வாதாடினால் தொழிலாளர் இலாகா வரை போகும். எப்படியிருந்தாலும் வரச்சொன்னால் கூலி உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வழக்கமான வேலை நேரத்தில் பாதிக்கு மேற்படாத வேலைக்கு அரைநாள் சம்பளம். ஏ.எம். முடித்துக் கூட்டத்தில் உட்கார்ந்தவருக்கு வேலை நேரத்தைத் தாண்டிய பகுதிக்கு ஒன்றரை மடங்கு. இங்கே யாருக்கும் எதுவும் கொடுக்கப்படவில்லை. கொடுத்தது கறிபாப்பும் தேநீரும்.

பணத்தைவிட எனக்கு உறுத்தியது பஞ்ச் அட்டை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் பஞ்ச் அடிப்பதில்லை. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்துக்கு 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு இருக்கிறது. மூன்று நைட் முடித்த தூக்கக் கலக்கத்தில், செம்பனை லாரிகள் ஓடும் சாலையில், மோட்டாரில் இரண்டாவது முறை வருகிறார் ஒரு பெண். வழியில் ஏதாவது ஆனால், அன்று அவர் வேலைக்குத்தான் வந்தார் என்று காட்ட எந்தத் தாளும் இல்லை. ரோஸ்டரில் அன்று அவருக்கு எஸ்.டி. என்றிருக்கும்.

அரசாங்க மருத்துவமனைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே பொதுச்சேவை விதிகள். புதிய ஊதிய முறையோடு தாதியரின் வார நேரத்தை 42-லிருந்து 45 மணியாக்கப் போவதாக 2024 இறுதியில் அறிவிப்பு வந்தபோது எழுந்த எதிர்ப்பும், அதனால் அமலாக்கம் தள்ளிப்போனதும் நினைவிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தவர்கள் ‘வாரத்துக்கு மூன்று மணி நேரம்தானே’ என்றார்கள். மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்று மணி எங்கே கடிக்கும் என்று தெரியும்.

என்ன மாற்றினார்கள்

முதலில் கூட்டத்தைப் பிரித்தார்கள். முந்தைய கூட்டக் குறிப்புகளை மேசைமேல் பரப்பி, சிஸ்டரும் இரண்டு மூத்த தாதியரும் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரே கேள்வி கேட்டார்கள்: இதைக் கேட்காமல் ஒருவர் நாளை வேலைக்கு வந்தால் நோயாளிக்கு ஏதாவது ஆகுமா? கார் நிறுத்துமிடம், சீருடை, விருந்து, படிவம் எல்லாம் அங்கேயே விழுந்தன. அவை புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் போயின. மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பொட்டாசியம் அதில் ஒன்று.

அந்த மிஞ்சியவற்றைப் பாஸ் ஓவரோடு சேர்த்தார்கள். நின்றுகொண்டே பத்து நிமிடம், ஒரே விஷயம், மூன்று நாள் தொடர்ந்து ஒவ்வொரு வேளையின் தொடக்கத்திலும். நைட்காரர்களுக்கு இரவு 9 மணிக்கு, அவர்கள் தூங்கி எழுந்து வந்திருக்கிற நேரத்தில். காலை 7 மணிக்குக் கிளம்புகிறவரைப் பிடித்து நிறுத்திச் சொல்வது தடை. இந்த ஒரு விதிக்காக மேட்ரனோடு நிறைய வாதாட வேண்டியிருந்தது. ‘எல்லாரும் கிளம்பும்போதுதானே ஒன்றாக இருப்பார்கள்’ என்பது அவர் கட்சி. ஒன்றாக இருக்கிறார்கள், விழித்திருக்கவில்லை.

கையெழுத்துத் தாளும் போனது. அதற்குப் பதில், சொன்னதை ஒருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். மருந்து இடம் மாறினால் அலமாரியைத் திறந்து காட்ட வேண்டும். சிலருக்கு இது பள்ளிக்கூடம் மாதிரிப் பட்டது. “முப்பது வருஷ சர்வீஸ்ல என்னைப் போய் ஒப்பிக்கச் சொல்றீங்களே சிஸ்டர்” என்று ஒரு மூத்த மிஸ்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலில் அவரையே மற்றவர்களிடம் கேள்வி கேட்கிறவராக வைத்ததும் கோபம் அடங்கியது.

எல்லாரும் உட்கார்ந்தே தீரவேண்டிய கூட்டம் இனி மூன்று மாதத்துக்கு ஒன்று. அதற்கு ரோஸ்டரில் கட்டம் உண்டு. மாதம் பிறக்குமுன் ஓய்வு நாள் அட்டவணையை முதலாளி தயாரித்துத் தெரிவிக்க வேண்டும் என்று 59-ஆவது பிரிவே சொல்கிறது. அதே தாளில் கூட்டமும் ஏறியது. ஒரே கூட்டம் இரண்டு தேதிகளில். நைட் முடித்த அன்று யாருக்கும் கூட்டம் போடக்கூடாது. வருகிறவர் பஞ்ச் அடிக்க வேண்டும், மணி சேர வேண்டும். கூலியா, பதில் நேரமா என்பதில் நிர்வாகம் பதில் நேரத்தைத்தான் விரும்பியது. ஆனால் ஓய்வு நாள் கூலியைப் பதில் நேரத்தால் ஈடுகட்டிவிட முடியாது. அதனால் ஆஃப் நாளில் யாரையும் கூட்டத்துக்குப் போடுவதில்லை என்று சிஸ்டர் ரோஸ்டரிலேயே பிரச்சினையை முடித்தார். நிர்வாகம் கணக்குப் பார்த்துத் தலையாட்டியது. பல சமயம் நல்லது நடப்பது இப்படித்தான்.

பிள்ளையைத் தனியே வளர்க்கும் ஒரு தாதிக்கு இவையெல்லாம் போதவில்லை. மாலை ஆறு மணிக்குக் குழந்தைகள் காப்பகம் மூடிவிடும். முன்பெல்லாம் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது, பக்கத்து லயத்தில் ஒரு பாட்டி இருப்பார். இன்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் கதவைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரரும் வேலைக்குப் போயிருப்பார். அந்தத் தாதி 60P பிரிவின்படி நெகிழ்வான வேலை நேரத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தார். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இப்படி ஒரு பிரிவு இருப்பதே வார்டில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்குப் பி.எம். வேளைகள் குறைக்கப்பட்டன, குறைந்ததை மற்றவர்கள் பங்கிட்டார்கள். எல்லாரும் சிரித்த முகத்தோடு பங்கிட்டார்கள் என்று சொல்லமாட்டேன்.

இன்னும் தீராதவை

முதலாவது, வேளை மாற்றிக்கொள்வது. ரோஸ்டர் ஒட்டிய மறுநாளே ‘அக்கா, என் நைட்ட எடுத்துக்குறீங்களா, திருவிழா இருக்கு’ என்று புலனத்தில் பேச்சு தொடங்கிவிடும். கூட்டத்துக்குப் போட்டிருந்தவர் நைட் முடித்தவராக மாறிப்போவார். சிஸ்டரிடம் சொல்லாமல் மாற்றக்கூடாது என்று விதி வந்தது. தைப்பூச மாதத்தில் அந்த விதி தாக்குப்பிடிக்கவில்லை.

இரண்டாவது, 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஓய்வு நாள் கூலியும் மிகைநேரக் கூலியும் அவர்களுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. ஒரே வார்டில், பத்து நிமிடப் பேச்சை ஒன்பது முறை திருப்பிச் சொல்கிற சிஸ்டர் அந்தப் பிரிவில் வருகிறவர். இரவு ஒன்பது மணிப் பேச்சுக்காக அவர் தங்குகிற நேரத்துக்குக் கணக்கே இல்லை. இந்த மாற்றம் தாதியரின் தூக்கத்தை மீட்டது உண்மை. சுமையில் ஒரு பங்கு சிஸ்டரின் மாலைமேல் ஏறியதும் உண்மை. மூத்த தாதியருக்கு அந்தப் பேச்சைப் பகிர்ந்து கொடுக்க ஏற்பாடு நடக்கிறது. அவர்கள் கேட்பது பொறுப்புப் படி. அந்த முடிவு பினாங்கில் இருக்கிறது.

மூன்றாவது, உயிர்காப்புப் பயிற்சியும் தீயணைப்புப் பயிற்சியும். பொம்மையின் மார்பை அழுத்திப் பழக வேண்டியதைப் பாஸ் ஓவரில் பத்து நிமிடத்துக்குள் அடைக்க முடியாது. அரைநாள் வேண்டும், எல்லாரும் வேண்டும், வார்டிலும் ஆள் வேண்டும். நான்கு தேதிகள் கொடுத்தால் முடியும் என்று சிஸ்டர் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார். பயிற்றுநரை நான்கு முறை வரவழைக்கச் செலவாகும், இரண்டு தேதிதான் என்கிறது தலைமை அலுவலகம். இரண்டு தேதி என்றால் நைட் முடித்தவர்கள் சிலர் கட்டாயம் மாட்டுவார்கள். யார் யார் என்று பெயரோடு எழுதி, ஒவ்வொருவருக்கும் தொடர் ஓய்வு எத்தனை மணியாகக் குறையும் என்ற கணக்கையும் சேர்த்து, சிஸ்டர் இரண்டாவது கடிதம் அனுப்பியிருக்கிறார். அடுத்த மாத ரோஸ்டரை ஒட்டுவதற்குள் பதில் வர வேண்டும்.